ஆணி இல்லாத சந்தூக்

ஜரீனா அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனை நடையில் முந்தினாள்.

முந்தினாள் என்றால் ஏதோ ஒரு முழம், இரண்டு முழம் என்று நினைத்துவிடக் கூடாது. கறுப்பு புர்காவுக்குக் கீழே மகன் வாங்கித் தந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ தார் ரோட்டை டப் டப்பென்று அறைந்தது. மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரி ஒன்று ஹாரன் அடிக்கக்கூடப் பயந்து ஒதுங்கிப் போனது. அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையையே கிரயம் பேசி முடித்தவள் மாதிரி கையை வீசிக்கொண்டு போனாள்.

பின்னாலிருந்து லியாகத் அலியின் குரல் வந்தது. "ஏய் ஜரீனா, கொஞ்சம் நில்லு."

"நிக்க மாட்டேன். நான் கெஞ்சனப்போ ஒரு நாளாவது நீங்க நின்னீங்களா?"

"ஒரு மாதிரி ஆட்டங் காட்டுதுடீ."

"நீங்க செஞ்ச நாற்காலில ஒக்கார்ற எங்களுக்கு டெய்லி அப்பிடித்தான் ஆட்டங் காட்டுது. பேசாம நடங்க."

சொன்னது தனக்கே பிடித்துப்போய், முனை டீக்கடை வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். அங்கே நின்று, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, தோற்றவரைப் பார்ப்பதற்காகத் திரும்பினாள்.

ரோடு காலியாக இருந்தது.

பார்வையைக் கீழே இறக்கிய பிறகுதான் மைல்கல் தெரிந்தது. அதில் சாய்ந்திருந்த லியாகத் அலி தெரிந்தார். செருப்பு வாரைச் சரிசெய்யக் குந்தியவர்போல ஒரு கால் மடங்கியிருந்தது. "ரோட்டுல ஒக்காந்துக்குனு இன்னா இது, சின்னப் புள்ளையாட்டம்" என்று திட்டிக்கொண்டேதான் திரும்பி நடந்தாள். பாதி தூரத்தில் திட்டு நின்றுபோனது. ஷூ சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், அந்த நடை லியாகத் அலியுடையதே அல்ல. ஜரீனாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த நடை அது. அவர் சும்மா துணைக்கு வந்தவர்.

சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருபது வருஷத்துக்கு மேல் ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைத்துவிட்டுக் கோட்டக்குப்பம் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், பெண்டாட்டியைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய் இருவருக்கும் முழு உடல் பரிசோதனை செய்ததுதான். ஐம்பதைத் தொட்டால் வண்டிக்கு சர்வீஸ் விடுவதுபோல உடம்பையும் விட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆஸ்பத்திரியில் ஓடும் பெல்ட் ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். லியாகத் அலி ஓடினார், ஓடினார், நர்ஸ் கீழே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வரும்வரை ஓடினார் என்று ஊரில் இன்னும் பேச்சு. ஜரீனா ஏறியதும் மிஷினுக்குத்தான் மூச்சு வாங்கியது. முடிவில் டாக்டர் அவரைப் பார்த்து, "உங்களுக்கு முப்பது வயசுப் பையன் ஹார்ட்டுங்க" என்றார். அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் விரல் மடக்கத் தொடங்கினார். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, வீங்கின இதயம், மேலே தூக்க வராத இடது தோள். ஒரு கை தீர்ந்ததும் அடுத்த கையை எடுத்தார்.

அன்றிலிருந்து ஊரே மனதுக்குள் ஜரீனாவை வழியனுப்பி வைத்துவிட்டது. கல்யாண வீட்டில் அவள் இரண்டாவது தடவை பிரியாணி கேட்டால் பரிமாறுகிறவன் கண்கலங்கினான். பெருநாளைக்குப் புதுப் புடவை எடுத்தால், "எடு, எடு, நல்லா கட்டிக்கோ" என்று சொந்தக்காரிகள் தழுதழுத்தார்கள். ஜரீனாவும் அதற்குப் பழகிப்போய், "நான் போனா இந்த மனுசன் கஞ்சிக்கு என்ன பண்ணுவாரு" என்ற கவலையை ஊறுகாய் மாதிரி சாப்பாட்டுக்குச் சாப்பாடு தொட்டுக்கொண்டாள்.

அதனால்தான் பள்ளிவாசல் மைக்கில் பாங்கு சொல்லும் மோதினார் மௌத்துச் செய்தியை, செத்தவர் பேரும் தகப்பன் பேருமாகத் தெளிவாக, இரண்டு தடவை சொல்லியும் ஊர் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. லியாகத் அலி வீட்டில் மௌத்து என்ற மட்டில் எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

மரக்காணத்திலிருந்து பஸ் பிடித்து வந்த நஸ்ரியா, லியாகத் அலியின் ஒரே தங்கை, தெருமுனையிலேயே ஆரம்பித்தாள். "அண்ணீ! எங்க அண்ணன அம்போன்னு உட்டுட்டுப் போயிட்டியே அண்ணீ! ஒரு முட்ட அவிச்சித் திங்கத் தெரியாதே அவருக்கு!" மார்பில் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். கூடத்துக்குள் நுழைந்தாள். அங்கே பீரோவில் முதுகைச் சாய்த்து ஜரீனா உட்கார்ந்திருந்தாள்.

நஸ்ரியாவின் கை மார்புக்கும் காற்றுக்கும் நடுவில் நின்றது.

"நீ... நீ இங்க ஒக்காந்திருக்கே?"

ஜரீனா அவள் முகத்தைப் பார்த்தாள். வலது கையைத் தூக்கி உள் அறையைக் காட்டினாள். நஸ்ரியா எட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம் வந்த அலறல் தெருவில் வந்ததுபோல இல்லை. அதில் வார்த்தையே இல்லை.

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படியே ஒரு தடவை அதிர்ந்து, ஜரீனாவை மேலும் கீழும் பார்த்து, பிறகுதான் அழுதார்கள். தான் உயிரோடு இருப்பதற்காக ஒவ்வொருத்தியும் தன்னைக் குற்றம் சொல்வதுபோல அவளுக்கு இருந்தது. ஷூவைக் கூட அவள் கழற்றியிருக்கவில்லை. கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "கொஞ்சம் நில்லு" என்ற சொல் மட்டும் காதுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வந்தவர்கள் அத்தனை பேரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள். துக்கம் மட்டும் காரணமல்ல. அந்த வீட்டு நாற்காலிகளை ஊருக்குத் தெரியும்.

ஊர் திரும்பிய லியாகத் அலிக்கு மரவேலைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. சவுதியிலிருந்து தங்கம் கொண்டுவருவார் என்று பார்த்தால் ரம்பமும் உளியும் இழைப்புளியும் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். அவர் செய்த ஸ்டூலுக்கு நாலு கால், நாலும் நாலு மத்ஹபு, ஒன்றின் வழி இன்னொன்றுக்கு ஒத்துவராது. அவர் செய்த கட்டிலில் ஒருவர் புரண்டு படுத்தால் மூன்றாவது வீட்டில் குழந்தை எழுந்து அழுதது. கூடத்தில் வைத்தே பூட்டிய பீரோ எந்த அறைக் கதவிலும் நுழையாமல், நட்டநடுவில் நின்றுவிட்டது. குடும்பம் அதைச் சுற்றிக் குடித்தனம் நடத்தியது. ஊரில் முதலில் சிரித்தவள் ஜரீனாதான். அவள் சிரிப்பில் ருசி கண்டுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

இப்போது அவள் சாய்ந்திருந்த பீரோவுக்குப் பின்னால் நாலடி தள்ளி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆண்கள் நின்று பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"பாண்டிச்சேரிப் பள்ளிக்கு ஒரு ஃபோனப் போட்டு அவங்க சந்தூக்க அனுப்பச் சொல்லுப்பா. அசர் தொழுகைக்குள்ள எடுக்கணும்." பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லியின் குரல்.

"மச்சான் செஞ்சது பின்னாடி கொட்டகைல ரெடியா இருக்குதுங்களே பாய்." இது ஜரீனாவின் தம்பி ஷஃபி.

"இருக்குதுப்பா. நானும் பாத்தேன். அவரு செஞ்சதுலயே அவரத் தூக்கிக்கினு போயி, நடு பஜார்ல அது நாலாக் கழண்டுகினா? யோசன பண்ணு."

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டார். உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். ஆனால் ஜரீனாவுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அவள் வளர்த்துவிட்ட சிரிப்பு அது.

சந்தூக் என்பது மய்யித்தை, அதாவது இறந்த உடலை, படுக்கவைத்துத் தோளில் தூக்கிப்போகும் மரத்தொட்டி. பள்ளிவாசலுக்குச் சொந்தம். ஊருக்கே ஒன்றுதான். கோடீஸ்வரனும் கொத்தனாரும் வரிசைப்படி அதே ஒன்றில்தான் போயாக வேண்டும். கோட்டக்குப்பத்தின் பழைய சந்தூக், போன மழைக்கு முன்னால், கனத்த ஹாஜியார் ஒருவரைச் சுமந்தபோது அடிப்பலகை விட்டுப்போய், அந்த மனிதரை அவருடைய பேரன்கள் கையில் தாங்கி மிச்ச தூரம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஜமாத்துக் கூட்டத்தில் லியாகத் அலி எழுந்து, "புதுசு நான் செஞ்சி தரேன்" என்றார். முடியாது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. செய்து முடிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் சரி என்றார்கள்.

செய்து முடித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோவதாக இருந்தது.

மகன் முஜீப் ரஹ்மான் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் குந்தினான். பாண்டிச்சேரியில் செல்ஃபோன் கடை வைத்திருப்பவன். அன்றைக்கு அவன் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவே இல்லை.

"அம்மா, பாண்டிச்சேரிலேர்ந்தே வரட்டும்மா. எல்லாரும் பாக்கறப்போ எதுனா ஒண்ணு ஆச்சின்னா அத்தாவுக்குத்தான் அசிங்கம். காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க."

ஜரீனா மகனைப் பார்த்தாள். அவன் சொல்வது சரிதான். அதில் வைத்து அது கழன்றால், லியாகத் அலி செத்ததையே ஊர் ஒரு வேடிக்கைக் கதையாக வைத்துக்கொள்ளும். வேறு ஊர்ச் சந்தூக்கில் போனாலும் அதே சிரிப்புதான், மரியாதையாகச் சிரிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மனுஷன் கடைசியாகச் செய்ததை அவனை வைத்துக்கொண்டே வேண்டாம் என்று தள்ளுவதா?

காலையிலிருந்து அவள் வாயில் முதல் வார்த்தை வந்தது. "கன்னியப்பன் அண்ணன் வந்துட்டாரா?"

கன்னியப்பன் வந்துகொண்டிருந்தார். மரக்காணத்து உப்பளக்காரர். லியாகத் அலியோடு ஒரே விமானத்தில் சவுதிக்குப் போய், அங்கே வெயில் தாங்கவில்லை என்று ஆறே மாதத்தில் ஓடிவந்து, நிழலுக்கு ஒரு செடிகூட இல்லாத உப்பளத்தை வாங்கிப்போட்டு உட்கார்ந்தவர். டிவிஎஸ் ஃபிஃப்டியை வாசலில் சாய்த்துவிட்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நல்லவேளை, அவர் ஒருத்தர்தான் ஜரீனாவைப் பார்த்து அதிரவில்லை.

"தங்கச்சி" என்றார். 

ஜரீனா எழுந்தாள். பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தாள். ஒருவர் பின் ஒருவராகக் கூட்டமும் வந்தது.

சந்தூக் இரண்டு மரக்கட்டைகள் மேல் இருந்தது. தேக்கு. பழைய மரத்துக்கு உரிய கறுப்பு. அன்றைக்கு வானம் இடிந்து விழுகிற மாதிரி மூட்டம். மழை ஒரு துளி விழவில்லை, ஆனால் சந்தூக்கின் மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"பாருங்க, பாருங்க" என்றார் முத்தவல்லி. "இன்னா தச்சு வேல இது? கட்டைக்கு வேர்க்குது. அகலம் பாத்தீங்களா, ரெண்டு பேரு சவாரி போலாம். ஒரு ஆணி, ஒரே ஒரு ஆணி இருக்குதா சொல்லுங்க? சும்மா சொருகி வச்சிருக்காரு."

"ஆணி அடிக்க முடியாதுங்க பாய்" என்றார் கன்னியப்பன். "இது எங்க உப்புக் கெடங்குக் கதவு. சுனாமில செவுரு பூடுச்சு, கதவு மட்டும் நின்னுச்சு. நான் வாங்கறதுக்கு முன்னாடியே நாலு தலமொற உப்பு ஏறுன கட்டை. இரும்பு பட்டா ரெண்டு மழைல துருவாப் பூடும். அதான் ஒட்டுக்கு ஒட்டு மர முளையாவே எறக்கினாரு. மூட்டம் போட்டா வேர்க்கத்தான் வேர்க்கும். உப்பு ஈரத்த இழுக்குது, வேற ஒண்ணுமில்ல."

"அதெல்லாம் சரிப்பா. தாங்குமா?"

கன்னியப்பன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கட்ட தாங்கும். முளை தாங்குமான்னு செஞ்சவரத்தான் கேக்கணும்."

எல்லாரும் வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். பிறகு அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஜரீனா குனிந்து ஷூவைக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு மற்றதை.

"நான் ஏறுறேன்" என்றாள். "தூக்கிப் பாருங்க."

அந்த நிமிஷம் கோட்டக்குப்பத்தில் ஒரு காக்கா கத்தவில்லை. பாண்டிச்சேரி பஸ் ஒன்று பாதி ஹாரனை விழுங்கிவிட்டது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்ப மாட்டார்கள். அத்தனை பேர் காதிலும் விழுந்ததால் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

நஸ்ரியாதான் முதலில் உயிர்பெற்றாள். "அண்ணி! பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? உசிரோட இருக்கறவ ஏறுற எடமா அது? அபசகுனம் புடிச்சவளே, எறங்கு!"

"இன்னும் ஏறவே இல்ல. எறங்குன்றே." ஜரீனா குரலை உயர்த்தவில்லை. "ஒங்க அண்ணன் என்னா வெயிட்டு இருப்பாரு? பூனைக்கு வேட்டி கட்டுன மாதிரி இருப்பாரு. நான் எவ்ளோன்னு ஊருக்கே தெரியும். ஆட்டோக்காரன் கேட்டா சொல்லுவான். என்னத் தாங்குனா அவரத் தாங்கும். தாங்கலன்னா பாண்டிச்சேரிக்கு ஃபோனப் போடுங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"மாரடைப்பு வந்துட்டா?" என்றாள் நஸ்ரியா, அழுகையோடு.

"வந்தா ரெண்டாவது நட மிச்சம்."

முத்தவல்லி பள்ளியில் தொழுகை நடத்தும் ஹஜரத்தைப் பார்த்தார். ஹஜரத் வானத்தைப் பார்த்தார். எந்த மார்க்கக் கிதாபிலும் இப்படி ஒரு கேள்வி இருந்ததாக அவருக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. தாடியை இரண்டு தடவை உருவினார்.

"ஆம்பளைங்கள்லாம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார்.

அதுதான் தீர்ப்பு. முத்தவல்லியிலிருந்து பந்தல்காரர் வரைக்கும் ஒரு கூட்டம் ஆண்கள் மதில் சுவரை மூக்கால் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஹஜரத்தும் நின்றார்.

தூக்க நாலு பேர் வேண்டும். முஜீப், ஷஃபி, ஷஃபியின் மூத்த மகன். நாலாவது ஆளைத் தேடவில்லை அவள். "அண்ணே, வாங்க."

"நான் தூக்கலாமா தங்கச்சி?"

"கட்டை ஒங்களுது. நீங்க இல்லாம யாரு?"

முஜீப் மட்டும் அசையவில்லை. "என்னால முடியாதும்மா."

"ஏன், வெயிட்டா இருப்பேன்னா?"

"அதுக்கில்லம்மா."

"தெரியும்" என்றாள் ஜரீனா. "புடி."

ஸ்டூல் போட்டு ஏறி உள்ளே உட்கார்ந்தாள். ஷஃபி தலையைச் சொறிந்தான். "ஒக்காந்தா வெயிட்டு நடுவுலயே எறங்கும்க்கா. மச்சான் படுத்துக்குனுல்ல போவாரு."

சொன்ன பிறகு என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்து உதட்டைக் கடித்துக்கொண்டான். ஜரீனா படுத்தாள்.

படுத்தவளுக்கு முதலில் தெரிந்தது மூட்டம் போட்ட வானம். அடுத்துத் தெரிந்தது, தனக்கு இடம் போதும் என்பது.

ஜரீனாவுக்கு இடம் போதும் என்பது சாதாரணச் சங்கதி அல்ல. பஸ்ஸில் அவளுக்கு ஒரு சீட் போதாது. சினிமாக் கொட்டகை நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து, படம் முடிந்து எல்லாரும் போனபின் இரண்டு பேர் சேர்ந்து அவளைப் பிடுங்கி எடுத்தார்கள். கல்யாணத்தில் போட்ட வளையலிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் இந்த உலகம் அவளை இடித்துக்கொண்டே இருந்தது. இங்கே இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி விட்டுப் பலகை நின்றது. தலைக்கு மேல் ஒரு கையளவு. காலுக்குக் கீழே ஒரு கையளவு.

இடது தோளை மெதுவாகச் சாய்த்தாள். காலையில் தலை வாரக்கூடத் தூக்க வராத தோள். எதில் பட்டாலும் உயிர் போகும். பட்ட இடம் உறுத்தவில்லை. வலது கையை மார்புக்கு மேலாகக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தாள். தோள் படுகிற அந்த ஓர் இடத்தில் மட்டும் விளிம்பை உருட்டி, கண்ணாடி மாதிரி இழைத்திருந்தது. வலது பக்கம் தடவினாள். அங்கே பலகை பலகையாகவே, கூர் விளிம்போடு இருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம். மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவள் திடுக்கென்று விழித்தபோது லியாகத் அலி பாயின் ஓரத்தில் முழங்காலில் நின்றிருந்தார். விரித்த சாண் அவள் தோளுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. "இன்னா பண்றீங்க?" என்றதற்கு, "கொசு" என்றார். "கொசுவ சாண் போட்டா அடிப்பாங்க? வயசான காலத்துல பாரு" என்று அவள் தப்பாக நினைத்துக்கொண்டு, சிரித்து, திட்டி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். திரும்பிப் படுத்துக்கொண்டதால் அவள் பார்த்திருக்கவில்லை.

"தூக்கலாமாக்கா?"

அவள் தலையசைத்தாள்.

"பிஸ்மில்லா" என்றான் ஷஃபி. "முருகா" என்றார் கன்னியப்பன்.

சந்தூக் எழும்பியது. எழும்பும்போது கடகடவென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், மதில் பக்கம் திரும்பியிருந்தவர்களில் இரண்டு பேர் கலிமா சொன்னார்கள். முளைகள் ஒவ்வொன்றாக இருப்பிடத்தில் அழுந்தி உட்கார்ந்த சத்தம் அது. பிறகு ஒன்றும் இல்லை. நாலு தோளிலும் நரம்பு புடைக்க, சந்தூக் கல்லு மாதிரி நின்றது.

"நடங்க" என்றார் கன்னியப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கிணற்றைச் சுற்றிவந்தார்கள். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு முளை நழுவவில்லை. ஒரு பலகை பிசகவில்லை. பழைய இடத்துக்கு வந்ததும், "எறக்கலாமாம்மா?" என்றான் முஜீப்.

பதில் இல்லை.

"அம்மா?"

 முஜீபின் முகம் வெளுத்துவிட்டது. நஸ்ரியாவின் கை தானாக மார்புக்குப் போனது. சுவரைப் பார்த்து நின்றவர்கள் ஹஜரத்தின் உத்தரவை மறந்து பாதி திரும்பினார்கள். ஒரே நாளில் ஒரே வீட்டில் இரண்டா? அதுவும் சந்தூக்கில் ஏறிப் படுத்துக்கொண்டேயா?

"அம்மா! யா அல்லா, அம்மா!"

"இன்னொரு சுத்து" என்றது உள்ளிருந்து.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாலு பேரும் இன்னொரு சுற்று வந்தார்கள். இந்தத் தடவை மெதுவாக வந்தார்கள்.

இறக்கிவைத்து, கைகொடுத்து எழுப்பியபோது அவள் புர்காவின் முதுகு முழுக்கச் சந்தூக்கின் ஈரம் ஒட்டியிருந்தது. நஸ்ரியா முந்தானையால் துடைக்க வந்தாள். "உடு" என்றாள் ஜரீனா.

முத்தவல்லி சுவரிலிருந்து திரும்பி, மூக்கு நுனியில் ஒட்டிய சுண்ணாம்போடு, சந்தூக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒரு முளையை விரலால் சுண்டிப் பார்த்தார். யாரையும் பார்க்காமல், "தண்ணி காயவச்சாச்சா? குளிப்பாட்டணும், நேரமாவுது" என்றார். பாண்டிச்சேரிக்கு ஃபோன் போட்டவரிடம், "வேணாம்னு சொல்லிடுப்பா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, லியாகத் அலியைக் கொண்டுவந்து சந்தூக்கில் வைத்தார்கள். அந்த அகலத்துக்குள் அவர் பெரிய தட்டில் வைத்த ஒற்றைப் பேரீச்சம்பழம் மாதிரி கிடந்தார். ஷஃபி ஓரத்தைப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பார்த்தான். உடம்பு ஒரு பக்கமாக நகர்ந்தது.

"மச்சான் உள்ள உருள்றாருக்கா" என்றான் தயங்கித் தயங்கி. "சைடுல அடைக்க எதுனா துணிமணி இருந்தா குடேன். நான் அப்பவே சொன்னேன், எதுக்கு மச்சான் இவ்ளோ அகலம்னு. கேட்டாத்தானே. எதுக்குத்தான் இவ்ளோ அகலமா வச்சாரோ."

ஜரீனா திரும்பினாள். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். கையில் வந்த தன் புடவைகளை, பழசு புதுசு பார்க்காமல், இரண்டு கை கொள்ளுமட்டும் அணைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஷஃபி வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு லீவு முடிவிலும் அவருடைய சவுதிப் பெட்டியை அடுக்கியவள் அவள்தான். ஊறுகாய் பாட்டிலை எங்கே வைக்க வேண்டும், அதற்கும் அட்டைக்கும் நடுவில் எந்தத் துணியை எத்தனை மடிப்பாகத் திணிக்க வேண்டும், விமானத்தில் எப்படித் தூக்கிப் போட்டாலும் உள்ளே இருப்பது உடையாமல் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு புடவையை நீளமாக மடித்து வலது பக்கம் இறக்கினாள். உள்ளங்கையால் அழுத்தினாள். இன்னொன்றைச் சுருட்டி இடுப்போரம் செருகினாள். கால் பக்கம் ஒன்று. தலைக்கு ஒன்று. இடது பக்கத்துக்கு வந்ததும் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்தப் பக்கத்தையும் அடைத்தாள்.

பெண்கள் யாரும் அழவில்லை. கிணற்றுக் கயிற்றிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அசையுதா பாரு" என்றாள் மகனிடம்.

முஜீப் ஓரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். "இல்லம்மா."

"நல்லாப் பாரு."

"இல்லம்மா. அசையல."

மேலே பச்சைப் போர்வையை விரித்தார்கள். அவள் இரண்டடி பின்னால் வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதே நாலு பேர் வந்து நாலு மூலையையும் பிடித்தார்கள். தூக்கினார்கள். சற்றுமுன் ஜரீனாவைத் தூக்கிய தோள்கள் அந்தக் கனத்தையே நினைத்துத் தூக்கிவிட்டன. சந்தூக் தோளைத் தாண்டி ஒரு முழம் மேலே போனது. நாலு பேரும் திடுக்கிட்டு, கையை நீட்டித் தடுமாறி, மெல்ல, மிக மெல்ல, அதைத் தோளுக்கு இறக்கிக்கொண்டார்கள்.